பீரோ வாங்கும் முன் பலகையின் பெயரைக் கேளுங்கள்

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. "டீச்சர் ரிட்டயர் ஆகியும் பாடம் நடத்துறதை நிறுத்தல" என்று சிரிப்பீர்கள். பரவாயில்லை. வீட்டில் கல்யாணம், கிரகப்பிரவேசம், புதுக் குடித்தனம் வைத்திருப்பவர்கள் மட்டுமாவது கடைசி வரை படியுங்கள்.

விஷயம் இதுதான். என் தங்கை மகளுக்கு வரும் தை மாதம் கல்யாணம். சீர் சாமான் பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். கட்டில், மூன்று கதவு வார்ட்ரோப், டிரெஸ்ஸிங் டேபிள் எல்லாம் சேர்ந்து ஒரு 'செட்'. பார்க்க அவ்வளவு அழகு. வழவழவென்று தேக்கு நிறம், கைப்பிடியெல்லாம் தங்கக் கலர். விலை 78,000 ரூபாய். சீட்டுப் பணம் எடுத்து, மீதிக்குத் தவணை போடலாம் என்று தங்கை கணக்கு வைத்திருந்தாள்.

கதவைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, "அக்கா, எவ்ளோ கனமா இருக்கு பாரு! நல்ல மரம்" என்றாள். நான் கடைப் பையனிடம், "தம்பி, இது என்ன பலகை?" என்று கேட்டேன். "இன்ஜினியர்டு வுட் மேடம்" என்றான். "அதுல எது? ப்ளைவுட்டா, எம்.டி.எஃப்.பா, பார்ட்டிகிள் போர்டா?" என்றேன். "எல்லாம் மரம்தான் மேடம்" என்றான். நான் விடவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து, வார்ட்ரோபின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். எம்.டி.எஃப். வெட்டிய விளிம்பில் லேமினேஷன் கூட ஒட்டவில்லை. பச்சையாக, மாவு மாவாக அப்படியே நின்றது.

சொன்னேன். தங்கைக்குக் கோபம் வந்துவிட்டது. "நல்ல காரியத்துக்கு வந்த இடத்துலயும் கிளாஸ் எடுக்காதக்கா" என்றாள். திரும்பி வரும்போது ஆட்டோவில் ஒரு வார்த்தை பேசவில்லை. இந்தப் பதிவு அவளுக்காகவும்தான்.

நான் ஏன் அப்படிக் குனிந்து பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். வட சென்னையில் இருந்த எவருக்கும் அந்த நாட்களை விவரிக்கத் தேவையில்லை. எர்ணாவூர், எண்ணூர் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து வந்து, வீட்டுச் சுவர்களில் கருப்புக் கோடு போட்டுவிட்டுப் போனது. எங்கள் தெருவில் எண்ணெய் இல்லை. ஆனால் வீட்டுக்குள் ஒன்றரை அடித் தண்ணீர், மூன்று நாள் நின்றது. நானும் வீட்டுக்காரரும் மாடியில் இருந்த வீட்டுக்காரம்மா தயவில் இருந்தோம்.

தண்ணீர் வடிந்த பிறகு கீழே வந்தால், அம்மா காலத்து இரும்பு பீரோவில் சேறு மட்டும்தான். கழுவினோம், துடைத்தோம், காயவைத்தோம். சமையலறைக் கடப்பக்கல் அலமாரிக்கு ஒரு கேடும் இல்லை. ஆனால் நான் ஓய்வு பெற்ற பணத்தில் ஆசையாக வாங்கிய அலமாரி? அடிப்பலகை வீங்கி வெடித்திருந்தது. கீழ் இழுப்பறை சட்டத்தோடு இறுகிப்போய், இழுத்தால் வரவில்லை. அதற்குள்தான் என் ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ், பணிப்பதிவுத் தாள்கள், உங்களோடு ஒவ்வோர் ஆண்டும் எடுத்த வகுப்புப் படங்கள். கடைசியில் கடப்பாரை போட்டு உடைத்துத்தான் திறந்தோம். தாள்கள் கூழாகியிருந்தன. படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரித்தால் முகங்கள் உரிந்து வந்தன. சான்றிதழுக்கு நகல் வாங்கிவிடலாம். உங்கள் முகங்களுக்கு நகல் எங்கே வாங்குவது? (அந்தப் படங்கள் யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து அனுப்புங்கள்.)

அந்த அலமாரியை வாங்கும்போது நானும் கேட்கவில்லை. "நல்ல மரம் மேடம்" என்றார்கள், நம்பினேன். படித்தவள், அறிவியல் பாடம் நடத்தியவள், கேட்கவில்லை. அந்த ஆத்திரத்தில்தான் பிறகு தேடித் தேடிப் படித்தேன், தெரிந்தவர்களிடம் கேட்டேன். தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில், நீங்கள் எல்லோரும் இந்தப் பலகையை ஏற்கெனவே கையில் பிடித்திருக்கிறீர்கள். பரீட்சை அட்டை! க்ளிப் வைத்த பழுப்பு நிற எக்ஸாம் பேட். அதில் எழுதியதைவிட அதை மட்டையாக்கிக் கிரிக்கெட் ஆடியதுதான் அதிகம் என்று எனக்குத் தெரியும். முன்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழப்பு. பின்பக்கம் சொரசொரவென்று சின்னச் சின்னக் கட்டமாக வலை போட்ட மாதிரி இருக்கும். அந்தப் பக்கத்தில் பென்சிலால் விடை எழுதிக்கொண்டு வந்து என்னிடம் மாட்டியவர்களும் இந்தப் பதிவைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன், பயப்பட வேண்டாம்.

அந்த வலை அச்சு எப்படி வந்தது தெரியுமா? அதுதான் ஹார்ட்போர்டு. மரத்தைச் சின்னச் சின்னச் சில்லாக்கி, நீராவியில் வேகவைத்து, நார் நாராகப் பிரித்து, தண்ணீரில் கலந்து கூழாக்குவார்கள். அந்தக் கூழைக் கம்பி வலைமேல் பரப்பினால் தண்ணீர் வடியும். பிறகு சூடான அழுத்த இயந்திரத்தில் வைத்து அழுத்துவார்கள். மேல்பக்கம் வழவழப்பான தகடு, கீழ்ப்பக்கம் மிச்சத் தண்ணீரும் ஆவியும் வெளியேறக் கம்பி வலை. அந்த வலையின் தடம்தான் உங்கள் அட்டையின் முதுகில் இருந்தது.

நம் ஊர்ப் பெண்களுக்கு இது புதிதல்ல. என் அம்மா பழைய பேப்பரை ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து உரலில் இடித்து, குடத்தைக் கவிழ்த்து அதன்மேல் அப்பிக் காயவைத்துக் கூடை செய்வார். பருப்பு, மிளகாய் எல்லாம் அந்தக் கூடையில்தான் இருக்கும். வெந்தயத்தின் பசைதான் கோந்து. நாரைக் கூழாக்கி, அழுத்தி, காயவைத்தால் பலகை. அடிப்படை அவ்வளவுதான்.

இதைத் தொழிற்சாலைப் பொருளாக்கியவர் வில்லியம் மேசன் என்ற அமெரிக்கர். எடிசனிடம் வேலை பார்த்தவர். மிசிசிப்பி மாநிலத்தில் லாரல் என்ற ஊரில் மர அறுவை மில்களில் மலைபோலக் குவிந்த கழிவை என்ன செய்வது என்று யோசித்து, 1924-ல் இந்த வழியைக் கண்டுபிடித்தார். மரச் சில்லுகளை உயர் அழுத்த நீராவியில் அடைத்து, திடீரென்று திறந்துவிட்டார். பொரி பொரிவது மாதிரி சில்லு வெடித்து நாராகிவிடும். அதை அழுத்திப் பலகை ஆக்கினார். அழுத்த இயந்திரத்தைச் சூட்டோடு மறந்துவிட்டுச் சாப்பிடப் போனார், வந்து பார்த்தால் கெட்டிப் பலகை இருந்தது என்று ஒரு கதையும் சொல்வார்கள். 'மேசனைட்' என்ற பெயர் அவர் பெயரிலிருந்து வந்ததுதான்.

இதில் வியப்பு என்னவென்றால், இந்த முறையில் தனியாகக் கோந்து பெரிதாகத் தேவையில்லை. மரத்துக்குள்ளேயே லிக்னின் என்ற இயற்கைப் பசை இருக்கிறது. சூட்டில் இளகி, அழுத்தத்தில் நார்களைப் பிடித்துக்கொள்ளும். மரமே மரத்தை ஒட்டவைக்கிறது. நம் பக்கத்தில் கேரளத்துக் கண்ணூர் வளபட்டணத்தில் 1945-ல் தொடங்கிய வெஸ்டர்ன் இந்தியா ப்ளைவுட்ஸ், ப்ளைவுட்டோடு ஹார்ட்போர்டும் செய்த பழைய ஆலை.

எம்.டி.எஃப். இதன் தம்பி. இதிலும் மர நார்தான். ஆனால் தண்ணீர்க் கூழ் இல்லை. நாரை உலர்த்தி, செயற்கைக் கோந்தும் கொஞ்சம் மெழுகும் கலந்து அழுத்துவார்கள். அதனால் இரண்டு பக்கமும் வழவழப்பு, தடிமனாகவும் செய்யலாம். இன்னும் நெருக்கமாக அழுத்தினால் எச்.டி.எஃப். ஈரம் தாங்கும் கோந்து போட்டு நெருக்கமாகச் செய்தால் எச்.டி.எச்.எம்.ஆர். என்று கடையில் சொல்வார்கள். சைக்கிள் தூரத்திலா என்று கேட்காதீர்கள், ஆனால் நமக்கு ரொம்பத் தொலைவும் இல்லை: ஶ்ரீகாளஹஸ்தி பக்கமே 2018 முதல் ஒரு பெரிய எம்.டி.எஃப். ஆலை ஓடுகிறது. சவுக்கு, தைலமரம், சவுண்டல் போன்ற தோட்ட மரங்கள்தான் இந்த மாதிரி ஆலைகளுக்கு மூலப்பொருள்.

குழப்பம் வராமல் இருக்கச் சமையலறைக் கணக்கில் சொல்கிறேன். ப்ளைவுட் என்பது மெல்லிய மரத்தாளைச் சப்பாத்தி மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒட்டியது. பார்ட்டிகிள் போர்டு (நம் ஆட்கள் 'நோவாபேன்' என்பது) பொரி உருண்டை. மரத்தூளும் சில்லும் கோந்தில் உருட்டியது, வெட்டிய பக்கம் பார்த்தால் சில்லு தெரியும். எம்.டி.எஃப். மாவு உருண்டை. வெட்டிய பக்கம் ஒரே சீராக, மணல் மாவு மாதிரி இருக்கும். கடையில் நான் தடவிப் பார்த்தது இதைத்தான்.

இப்போது தங்கை சொன்ன "கனமா இருக்கு, நல்ல மரம்" என்பதற்கு வருவோம். இது நம்மில் பலர் செய்யும் தப்பு. தேக்கு ஒரு கன மீட்டர் 650 கிலோ வாக்கில் இருக்கும். எம்.டி.எஃப். சாதாரணமாக 700 முதல் 800 கிலோ. ஹார்ட்போர்டு 900-ஐயும் தாண்டும். கணக்குப் போடுங்கள்: எட்டடிக்கு நாலடி, 18 மில்லிமீட்டர் எம்.டி.எஃப். ஷீட் ஒன்று சுமார் 40 கிலோ. தேக்கைவிடக் கனம்! காரணம், நாரை இடைவெளி இல்லாமல் நெருக்கி அழுத்தியிருக்கிறார்கள். கனம் என்பது அழுத்தத்தின் அடையாளம். உறுதிக்கும் ஆயுளுக்கும் அது சான்று ஆகாது.

அந்த அழுத்தம்தான் தண்ணீரில் எமனாகிறது. அவலை நினைத்துக்கொள்ளுங்கள். நெல்லை ஊறவைத்து, வறுத்து, இடித்துத் தட்டையாக்கியது அவல். உலர்ந்திருக்கும் வரை மொரமொரப்பாகத் தட்டையாகவே இருக்கும். தண்ணீர் பட்டால்? உப்பிவிடும். மறுபடி வெயிலில் காயவைத்தால் பழைய அவல் ஆகுமா? ஆகாது. அமுக்கிவைத்த மர நாரும் அப்படித்தான். நீரைக் குடித்து, அழுத்தத்திலிருந்து விடுபட்டுப் பருத்துவிடும். கூடவே கோந்தும் விட்டுக்கொடுக்கும். காய்ந்தாலும் பழைய தடிமனுக்குத் திரும்பாது. சாதாரண மரம் நனைந்தாலும் காய்ந்தால் ஓரளவு பழைய நிலைக்கு வரும். கதவு மழைக்காலத்தில் பிடித்துக்கொண்டு, பங்குனியில் தானாகச் சரியாவதைப் பார்த்திருப்பீர்கள். இந்தப் பலகைக்கு அந்தப் பங்குனி கிடையாது.

நான் சொன்னால் நம்ப வேண்டாம், நீங்களே செய்து பாருங்கள். நான் செய்தேன். ஆசாரி வேலை பார்க்கும் ஒரு மாணவனிடம் நாலு வகைத் துண்டு வாங்கி வந்து, ஸ்கேலால் தடிமன் அளந்து, பக்கெட்டில் ஒரு நாள் முழுக்க ஊறப்போட்டேன். பார்ட்டிகிள் போர்டு விளிம்பு பிய்ந்து உதிர்ந்தது. சாதாரண எம்.டி.எஃப். கண்ணுக்குத் தெரியவே பருத்து, காய்ந்த பிறகும் அப்படியே நின்றது. எச்.டி.எச்.எம்.ஆர். கொஞ்சம்தான் பருத்தது. நல்ல ப்ளைவுட் தப்பித்தது. ஒரு நாளுக்கு இந்தக் கதி. எங்கள் வீட்டில் மூன்று நாள் நின்றது.

"வெள்ளம் என்ன வருஷா வருஷமா வருது டீச்சர்?" என்று கேட்பீர்கள். வெள்ளத்தை விடுங்கள். தினமும் ஈரத்துணி போட்டுத் தரையைத் துடைக்கிறோம். அந்த ஈரம் அலமாரியின் காலில் ஏறுகிறது. நம் பக்கத்துச் சுவர்களில் ஓதம். கடல்காற்றில் எப்போதும் ஈரம். விளிம்பில் லேமினேஷன் ஒட்டாமல் விட்ட அடிப்பலகைக்கு இதுவே போதும். மேலே சன்மைக்கா பளபளக்கும், கீழே பலகை மெல்ல மெல்லப் பூரித்துக்கொண்டிருக்கும்.

இது ஏதோ நம் ஊரில் மட்டும் நடந்த ஏமாற்று என்று நினைக்காதீர்கள். ஹார்ட்போர்டு பிறந்த அமெரிக்காவிலேயே அதை வீட்டின் வெளிச்சுவருக்குப் பலகையாக அடித்தார்கள். மழையில் ஊறி, வீங்கி, உளுத்துப்போனது. வீட்டுக்காரர்கள் ஒன்றுசேர்ந்து, மேசன் தொடங்கிய அதே நிறுவனத்தின்மேல் 1990-களில் அலபாமாவில் வழக்குப் போட்டு, நிறுவனம் இழப்பீட்டுக்கு ஒத்துக்கொண்டது. ரேடியோவுக்குப் பின்மூடியாக இருந்தபோது அதே பலகை ஐம்பது வருடம் உழைத்தது. மழையில் நிறுத்தியபோது சில வருடத்தில் செத்தது. பலகை ஒன்றுதான், வைத்த இடம்தான் வேறு.

ஆகவே நான் இந்தப் பலகைக்கு எதிரி இல்லை. அதைச் சொல்லாவிட்டால் பாதி உண்மை சொன்னவள் ஆவேன்.

ஒரு பெரிய மரத்தை வெட்டினால் நல்ல பலகையாகக் கிடைப்பது ஒரு பகுதிதான். கிளை, தோள், சில்லு, தூள் எல்லாம் வீண். இந்தத் தொழில் அந்த வீணைப் பலகையாக்குகிறது. ஐந்தாறு வருடத்தில் வளரும் சவுக்கிலிருந்து மேசை கிடைக்கிறது என்றால், நூறு வருடத் தேக்கு ஒன்று காட்டில் நிற்கும். இதில் கணுவில்லை, வெடிப்பில்லை, இழை ஓட்டம் இல்லை. அதனால் எந்தப் பக்கம் அறுத்தாலும் சீராக வரும். பூ வேலைப்பாடு செதுக்கினால் பிசிறு தட்டாது, பெயிண்ட் அடித்தால் கண்ணாடி மாதிரி நிற்கும். பூஜை அலமாரிக் கதவின் ஜாலி வேலைக்கு இதைவிடத் தோதான பலகை இந்த விலையில் கிடையாது. போட்டோ ஃப்ரேமின் முதுகு, டிராயர் அடி, ஸ்பீக்கர் பெட்டி, பள்ளிக்கூடத்து அறிவிப்புப் பலகை, மாடி வீட்டில் புத்தக அலமாரி என்று எல்லாவற்றுக்கும் தாராளமாகப் போடலாம். என் மாடிக்காரம்மா வீட்டில் பத்து வருடமாக ஒரு எம்.டி.எஃப். டி.வி. ஸ்டாண்டு இருக்கிறது. ஒரு குறையும் இல்லை. உலர்ந்த இடம், பாரம் குறைவு.

பாரம் என்றதும் இன்னொன்று. நீளமான தட்டில் புத்தகத்தை நெருக்கி அடுக்கினால் இந்தப் பலகை நாளடைவில் நடுவில் தொய்யும். மரத்தில் நீளவாக்கில் ஓடும் இழை பாரத்தைத் தாங்கும், இதில் அந்த இழை நீளம் இல்லை. அதேபோல விளிம்பில் ஆணி அடித்தால் பிளக்கும். ஸ்க்ரூ போடும் முன் சின்னத் துளை போட வேண்டும். ஒரு தடவை கழற்றி மாட்டினால் ஸ்க்ரூ முன்போலப் பிடிக்காது. வாடகை வீடு மாறிக்கொண்டே இருப்பவர்கள், ஒவ்வொரு தடவையும் பிரித்துப் பூட்டும் கட்டிலை இதில் வாங்கினால் மூன்றாவது வீட்டில் ஆடத் தொடங்கும்.

இனி உடம்பு விஷயம். இதைத் தள்ளிவிட்டுப் போகாதீர்கள்.

எனக்குத் துண்டுப் பலகை கொடுத்தான் என்றேனே, அந்த மாணவன் நான்காம் வகுப்பில் என்னிடம் படித்தவன். நல்ல கைவேலைக்காரன். அவன் பட்டறைக்குப் போனால் தும்மல் நிற்காது. அறுக்கும்போது பறக்கும் தூள் தேக்குத் தூள் மாதிரி கனமாகக் கீழே விழாது. மாவு மாதிரி மெல்லியது, காற்றிலேயே நிற்கும். அவன் மூக்கில் ஒரு கைக்குட்டை. "ரெண்டு வருஷமா இருமல் டீச்சர், சீசன் மாறுறதால" என்றான். சீசன் எத்தனை தடவைடா மாறும் என்று கேட்டேன். சிரித்தான், இருமினான்.

எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு இரண்டிலும் பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு கோந்துதான். பள்ளி ஆய்வகத்தில் தவளையைப் போட்டு வைக்கும் ஃபார்மலின் பாட்டில் நினைவிருக்கிறதா? அந்த வாசனைதான். புதுப் பலகையிலிருந்து இந்த வாயு கொஞ்சம் கொஞ்சமாக வெளிவரும். வெயிலும் ஈரமும் கூடினால் கூடுதலாக வரும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ல் இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. 2005-ல் கத்ரீனா புயலில் வீடிழந்த அமெரிக்கர்களுக்கு அரசு கொடுத்த தற்காலிக வீடுகளில் கண் எரிச்சல், மூச்சுத் தொல்லை என்று புகார் எழுந்து, 2008-ல் அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமே சோதித்து, ஃபார்மால்டிஹைடு அளவு அதிகம் என்று சொன்னது.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. வாயு குறைவாக விடும் பலகைக்கு 'ஈ-1', 'ஈ-0' என்று தரம் உண்டு. கேட்டு வாங்கலாம். புது அலமாரி வந்தால் கதவுகளைத் திறந்துவைத்து, ஜன்னலையும் திறந்து, சில நாள் காற்றாட விட்டுப் பிறகு துணி அடுக்குங்கள். கைக்குழந்தை தூங்கும் அறையில் புதுப் பலகையை உடனே கொண்டுபோய்ப் போடாதீர்கள்.

இன்னொரு பழக்கம் நம் பக்கத்தில் இருக்கிறது. பட்டறையில் சும்மா கிடைக்கும் துண்டுப் பலகையை வாங்கி வந்து வெந்நீர் அடுப்பில் எரிப்பது. விறகு மிச்சம் என்று நினைக்கிறோம். எரிவது விறகோடு கோந்தும், சன்மைக்காவும், பெயிண்டும். அந்தப் புகையைச் சுவாசிப்பது பக்கத்தில் உட்கார்ந்து பல் தேய்க்கும் பிள்ளைகள். ஏற்கெனவே மணலியையும் எண்ணூரையும் சுற்றி வாழும் நமக்கு, மூக்கில் ஏறும் புகை போதாதா? தயவுசெய்து நிறுத்துங்கள்.

இப்போது என் கருத்து. தப்பு பலகையில் இல்லை. பெயர் சொல்லாமல் விற்பதிலும், பெயர் கேட்காமல் வாங்குவதிலும் இருக்கிறது. கத்தரிக்காய் வாங்கினால் காம்பைப் பார்க்கிறோம். மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம். காசிமேட்டில் ஒரு கிலோ வஞ்சிரத்துக்குக் கேட்கும் கேள்வியில் பாதிகூட 78,000 ரூபாய் சாமானுக்குக் கேட்பதில்லை. 'இன்ஜினியர்டு வுட்' என்பது ஒரு பலகையின் பெயரே இல்லை, ஒரு குடும்பத்தின் பெயர். "சாப்பிட என்ன இருக்கு?" என்றால் "சாப்பாடு இருக்கு" என்பது போன்ற பதில்.

"அதுக்காக நாங்க தேக்குக்கு எங்கே போறது டீச்சர்?" நியாயமான கேள்வி. தேக்கு வாங்கச் சொல்லவில்லை. நாம் இருப்பது சாத்தாங்காடு. சி.எம்.டி.ஏ. அமைத்த இரும்பு எஃகு சந்தை நம் வாசலில் இருக்கிறது. சென்னைக்கே இரும்பு போகும் ஊரில் இருந்துகொண்டு, வெள்ளத்தில் கரையும் பீரோவை வாங்குவானேன்? கடல்காற்றில் இரும்பும் துருப்பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் துருவைச் சுரண்டி ரெட் ஆக்சைடு அடிக்கலாம், ஓட்டை விழுந்தால் வெல்டிங் வைக்கலாம். வீங்கிய பலகைக்கு வைத்தியமே இல்லை.

வாங்கப் போகிறவர்களுக்குச் சுருக்கமாக:

1. பலகையின் பெயரைக் கேளுங்கள். சொன்ன பெயரைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

2. ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு எண்ணையும் பாருங்கள். எம்.டி.எஃப்.புக்கு ஐ.எஸ். 12406, பார்ட்டிகிள் போர்டுக்கு 3087, ஹார்ட்போர்டுக்கு 1658, சாதாரண ப்ளைவுட்டுக்கு 303, மரைன் ப்ளைவுட்டுக்கு 710.

3. பச்சை நிறத்தைப் பார்த்து ஈரம் தாங்கும் என்று நம்பாதீர்கள். அது அடையாளத்துக்குக் கலக்கும் சாயம்தான். ஈரம் தாங்குவது கோந்து.

4. குனிந்து அடிப்பக்கம் பாருங்கள். எல்லா விளிம்பும் மூடி ஒட்டியிருக்க வேண்டும். கூச்சப்படாதீர்கள், காசு உங்களுடையது.

5. தரைத்தள வீடு, தாழ்வான தெரு என்றால், தரையிலிருந்து இரண்டடி உயரம் வரை இரும்பு, கடப்பக்கல், நல்ல ப்ளைவுட் மட்டும். அதற்கு மேல் எம்.டி.எஃப். போட்டுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் இரும்பு ஸ்டாண்டு செய்து அதன்மேல் தூக்கி வையுங்கள்.

6. சான்றிதழ், பத்திரம், படங்கள் கீழ் இழுப்பறையில் வேண்டவே வேண்டாம். பரணில் வையுங்கள்.

7. பட்டறை வைத்திருக்கும் பிள்ளைகளே, கைக்குட்டை போதாது. தூசி வடிகட்டும் சரியான முகக்கவசம் போடுங்கள். உங்களிடம் வேலை செய்யும் பையன்களுக்கும் வாங்கிக் கொடுங்கள். இதை டீச்சர் சொல்வதாக எடுத்துக்கொள்ளாமல், உங்கள் அம்மா சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

தங்கை விஷயம் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். ஊறப்போட்ட நாலு துண்டையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போன ஞாயிறு அவள் வீட்டுக்குப் போனேன். ஒன்றும் பேசாமல் மேசைமேல் வைத்தேன். அவளும் ஒன்றும் பேசவில்லை. காபி போட்டுக் கொடுத்தாள். கல்யாணப் பெண் மட்டும் ஒவ்வொன்றாக எடுத்து விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேற்று இரவு தங்கை போன் செய்தாள். "அக்கா, கடைக்குப் போயி பில்லுல பேரை எழுதிக் குடுங்கன்னு கேட்டேன். முதலாளியே வந்து, அது எம்.டி.எஃப்.தாம்மான்னு ஒத்துக்கிட்டார்" என்றாள். பீரோ இரும்பில், கட்டில் ப்ளைவுட்டில் என்று முடிவு செய்திருக்கிறார்கள். டிரெஸ்ஸிங் டேபிள் மட்டும் அதே எம்.டி.எஃப்.தான், பெண்ணுக்கு அந்தக் கண்ணாடி ரொம்பப் பிடித்துவிட்டது. இருக்கட்டும். மாப்பிள்ளை வீடு முதல் மாடி. அந்தப் பலகைக்கு அது சரியான இடம்தான்.

உங்கள் வீட்டில் வெள்ளத்துக்குப் பிறகு எது தப்பித்தது, எது போனது என்று கீழே எழுதுங்கள். பிறருக்கு உதவும். வகுப்புப் படம் வைத்திருப்பவர்களும் மறக்காமல் அனுப்புங்கள். எந்த வருடம், எந்தப் பிரிவு என்று எழுதி அனுப்பினால் போதும், முகங்களை நான் அடையாளம் கண்டுகொள்வேன்.



அன்புடன்,
உங்கள் டீச்சர்,
சாத்தாங்காடு.